பெயர் சொல்லாமல் எழுதிச் சம்பாதிப்பது

2016 அக்டோபர் 2ஆம் தேதி இத்தாலி, பிரான்ஸ், ஜெர்மனி, அமெரிக்கா ஆகிய நான்கு நாடுகளின் இதழ்களில் ஒரே கட்டுரை ஒரே சமயத்தில் வெளியானது. எலேனா ஃபெரான்டே என்ற பெயரில் 1992 முதல் நாவல்கள் வெளியிட்டுவரும் எழுத்தாளர் யார் என்று கண்டுபிடித்துவிட்டதாக அதை எழுதிய கிளாடியோ கட்டி அறிவித்தார். ஏறத்தாழ கால் நூற்றாண்டாக முகம் காட்டாமல், மேடை ஏறாமல், பதிப்பகம் வழியாக எழுத்தில் மட்டுமே பேட்டி கொடுத்துவந்தவர் ஃபெரான்டே. கட்டி கையில் எடுத்தது கணக்குகளை. பதிப்பகம் யாருக்கு எவ்வளவு கொடுத்தது என்று பார்த்தார். நாவல்கள் உலகெங்கும் விற்கத் தொடங்கிய ஆண்டுகளில் அந்தப் பதிப்பகத்தோடு தொடர்புடைய ஒருவரின் வருமானமும் கூடவே ஏறியிருந்தது. ரோம் நகரில் வாங்கப்பட்ட வீடுகளின் பதிவு ஆவணங்களையும் அதோடு பொருத்திப் பார்த்தார்.

வாசகர்களும் எழுத்தாளர்களும் கட்டியைக் கடுமையாகக் கண்டித்தார்கள். குற்றவாளியைத் தேடுவதற்கான வழிமுறையை ஒரு நாவலாசிரியர் மீது பிரயோகித்தது எந்த வகையில் நியாயம் என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி சரியானது. ஃபெரான்டே எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. 2019இல் அடுத்த நாவலை அதே பெயரில் வெளியிட்டார். ஆனால் பெயர் மறைத்து எழுத நினைக்கும் எவரும் அந்த நிகழ்விலிருந்து ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். எழுத்தை மறைத்துக் கொடுக்கலாம், கொண்டுவந்து தர ஆள் வைக்கலாம். பணம் மட்டும் ஒரு பெயருக்குத்தான் வந்து சேரும்.

தமிழில் இன்று பெயர் சொல்லாமல் எழுதுவோர் பெருகிவருகிறார்கள். மருத்துவமனையின் உள்நடப்பை எழுதும் செவிலியர், பள்ளியில் நடப்பதைச் சொல்லும் ஆசிரியர், புகுந்த வீட்டுக்குத் தெரியாமல் கதை எழுதும் பெண், சாதியைப் பற்றி ஊர்ப்பெயரோடு எழுதிவிட்டு அதே ஊரில் வாழ வேண்டியவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கிறது. இவர்கள் எழுத வேண்டும் என்பதும், எழுத்துக்கு உரிய பணம் இவர்களுக்கு வர வேண்டும் என்பதும் எங்கள் நிலைப்பாடு. பெயரை மறைத்தவருக்குக் கூலி கேட்கும் உரிமை இல்லை என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள், அது தவறு. ஆனால் இந்த விஷயத்தில் மூன்று விதமான மறைத்தல்கள் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கின்றன. வாசகரிடம் பெயரை மறைப்பது ஒன்று. பணம் தருபவரிடமும் அரசிடமும் பெயரை மறைப்பது இன்னொன்று. பணம் எங்கிருந்து வருகிறது என்பதை வாசகரிடம் மறைப்பது மூன்றாவது. முதலாவது உங்கள் உரிமை. இரண்டாவது நடைமுறையில் முடியாது. மூன்றாவது செய்யக் கூடாதது.

முதலாவதைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது? எழுதியவர் தன் பெயரைப் போட்டே ஆக வேண்டும் என்று இந்தியாவில் பொதுவான சட்டம் எதுவும் இல்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் பெயரில்லாத படைப்புகளையும் புனைபெயர்ப் படைப்புகளையும் தனிப் பிரிவில் ஏற்றுப் பாதுகாக்கிறது. இந்த நாட்டில் நீண்ட காலமாகச் சட்டம் கேட்டுவந்தது வேறொரு பெயரை. 1867ஆம் ஆண்டு அச்சுச் சட்டம் அச்சிட்டவர் யார், எங்கே அச்சிடப்பட்டது, வெளியிட்டவர் யார் என்பவை புத்தகத்திலும் செய்தித்தாளிலும் இருக்க வேண்டும் என்றது. அதன் இடத்தில் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் பருவ இதழுக்குப் பதிவுபெற்ற வெளியீட்டாளர் வேண்டும் என்கிறது. எழுதியவர் திரைக்குப் பின்னால் இருக்கலாம், பதில் சொல்ல ஒருவர் முன்னால் நிற்க வேண்டும் என்பதே இந்த ஏற்பாட்டின் பொருள். தேர்தல் துண்டறிக்கைக்கும் இதே விதி: அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர்கள் அதன் முகப்பில் இருக்க வேண்டும்.

பெயரை மறைக்க உரிமை இருக்கிறது என்பதால், கண்டுபிடித்தவர் வாயை மூட வேண்டும் என்று ஆகிவிடாது. பிரிட்டனில் லங்காஷயர் காவல் துறையில் பணியாற்றிய துப்பறியும் காவலர் ஒருவர் ‘நைட்ஜாக்’ என்ற பெயரில் தன் வேலையைப் பற்றி இணையத்தில் எழுதினார். 2009இல் அதற்கு ஆர்வெல் பரிசு கிடைத்தது. ‘தி டைம்ஸ்’ நாளிதழ் அவர் யார் என்று அறிந்து வெளியிடப் போனபோது நீதிமன்றத்துக்கு ஓடினார். பொதுமக்கள் படிப்பதற்காக எழுதுவது பொதுச்செயல், அதில் அந்தரங்கம் எதிர்பார்க்க முடியாது என்ற கருத்தில் நீதிபதி ஈடி தடை தர மறுத்தார். பெயர் வெளியானது, துறை எழுத்துபூர்வமாக எச்சரித்தது. செய்தியாளர் அந்தக் காவலரின் மின்னஞ்சல் கணக்குக்குள் அனுமதியின்றி நுழைந்திருந்தார் என்பது 2012இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. அந்த ஆண்டு நாளிதழ் 42,500 பவுண்டு இழப்பீடு கொடுத்தது. இழப்பீடு வந்தது, மறைவு திரும்ப வரவில்லை.

இனி பணம். இதில்தான் தமிழ்நாட்டில் பெரும்பாலோர் முதல் நாளே வெளிப்பட்டுவிடுகிறார்கள். “பிடித்திருந்தால் உதவுங்கள்” என்று ஒரு யூபிஐ எண்ணைக் கீழே போடுகிறார்கள். அந்த எண்ணில் ஒரு ரூபாய் அனுப்பப் போனால் போதும். வங்கிக் கணக்கில் உள்ள முழுப் பெயர் அனுப்புபவரின் திரையில் வந்து நிற்கும். ஜிபே, போன்பே எதுவானாலும் இதுதான். தவறான ஆளுக்குப் பணம் போய்விடாமல் காப்பதற்கான ஏற்பாடு அது. மறைந்து எழுதுபவருக்கு அதுவே முகவரி அட்டை.

விளம்பர வருமானம் சற்றுப் பாதுகாப்பானது, ஏனென்றால் பணம் தருவது ஒரு நிறுவனம். ஆனால் அந்த நிறுவனத்துக்கு நீங்கள் யார் என்று தெரியாமல் ஒரு பைசா வராது. கூகுள் ஆட்சென்ஸ் வருவாய் 10 டாலரைத் தொட்டதும் முகவரியைச் சரிபார்க்க ஒரு எண்ணைத் தபாலில் அனுப்பும் வழக்கம் உள்ளது. வங்கிக் கணக்கின் பெயரும் அங்கே கொடுத்த பெயரும் பொருந்த வேண்டும். இதைவிட நுட்பமான இடம் ஒன்று உண்டு. விளம்பரக் கணக்குக்கும் வருகையாளரை எண்ணும் கருவிக்கும் ஓர் அடையாள எண் இருக்கும். அது பக்கத்தின் மூல நிரலில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். ஒருவர் தன் சொந்தப் பெயரில் நடத்தும் தையல் கடைத் தளத்துக்கும் மறைபெயரில் நடத்தும் தளத்துக்கும் ஒரே கணக்கைப் பயன்படுத்தினால் இரண்டும் ஒருவருடையது என்று எவரும் கண்டுபிடிக்கலாம். ரஷ்ய அரசுக்கு ஆதரவான தளங்களின் கூட்டமொன்றை 2015இல் ஆய்வாளர்கள் இந்த வழியில்தான் ஒன்றோடொன்று இணைத்துக் காட்டினார்கள்.

கணக்கைத் தன் பெயரில் வைக்காமல் ஒரு நிறுவனத்தைப் பதிந்துகொள்ளலாமே என்று சிலர் நினைக்கிறார்கள். இந்தியாவில் பதிவு செய்யப்பட்ட நிறுவனத்தின் இயக்குநர்கள் யார் என்பதை நிறுவன விவகார அமைச்சகத்தின் தளத்தில் தேடிப் பார்த்துவிட முடியும். சேவை வருமானம் ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் பெரும்பாலான மாநிலங்களில் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். தனியாள் தொழிலாக இருந்தால் ஜிஎஸ்டி எண்ணைக் கொண்டு தேடும்போது கடைப்பெயரோடு உரிமையாளரின் சட்டப்பெயரும் வரும். விளம்பரம் தரும் நிறுவனத்துக்கு நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு பில்லிலும் அந்த எண் இருக்கும்.

வருமான வரியைப் பற்றிய பயம்தான் தேவையற்றது. உங்கள் வரிக் கணக்கு பொதுவெளிக்கு வருவதில்லை. பான் எண்ணில் வருமானத்தைக் காட்டுவதால் வாசகருக்கு எதுவும் தெரியப்போவதில்லை; காட்டாமல் விடுவதால்தான் ஒரு நாள் விசாரணை வரும், அப்போது பேச்சு வெளியே பரவும். பணமாகத் தராமல் கைபேசி, பயணம், ஓட்டல் அறை என்று பொருளாகத் தந்தாலும் அது வருமானமே. 2022 ஜூலை முதல், தொழில் சார்ந்து ஒருவருக்கு ஆண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சலுகை தரும் நிறுவனம் 10 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும். பிடிப்பதற்கு அவர்களுக்கு உங்கள் பான் எண் தேவை.

ஆகவே பெயரை யாரிடமும் சொல்லாமல் சம்பாதிப்பது என்பது கிடையாது. எத்தனை பேரிடம் சொல்கிறோம், அவர்களை எது கட்டுப்படுத்துகிறது என்பதே கேள்வி. இதற்கு இன்றுவரை கண்ட நல்ல வழி, நடுவில் ஒரு பதிப்பகத்தையோ முகவரையோ நிறுத்துவதுதான். வாசகரின் பணமும் விளம்பரதாரரின் பணமும் அவர்களுக்குப் போகும். அவர்கள் உங்கள் உண்மைப் பெயரில் ஒப்பந்தம் போட்டு உங்களுக்குத் தருவார்கள். வெளியே தெரியும் பெயர் அவர்களுடையது. பெயரில்லாத படைப்பு திருடப்பட்டால் எழுத்தாளர் சார்பில் உரிமை கோரும் தகுதி வெளியீட்டாளருக்கு உண்டு என்று பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கை சொல்கிறது. இது பெரிய வசதி. தன் கட்டுரையை எவரோ எடுத்துப் போட்டுக்கொண்டார் என்று புகார் கொடுக்கப் போய், அதற்காகவே தன் பெயரை வெளியிட வேண்டிய நிலை எழுத்தாளருக்கு வராது.

அந்த ஒப்பந்தத்தில் ரகசியம் காப்பதற்கான பிரிவு இருக்க வேண்டும், மீறினால் எவ்வளவு இழப்பீடு என்பதும் இருக்க வேண்டும். வழக்கறிஞர், கணக்காளர், அவர்கள் அலுவலகத்தில் கோப்பைத் தொடும் எவரையும் அது கட்டுப்படுத்த வேண்டும். இதன் தேவையை ராபர்ட் கால்பிரெய்த் விவகாரம் காட்டியது. ஹாரி பாட்டர் நாவல்களை எழுதிய ஜே.கே. ரௌலிங் 2013 ஏப்ரலில் அந்த ஆண்பெயரில் ஒரு துப்பறியும் நாவல் வெளியிட்டார். ஜூலையில் குட்டு உடைந்தது. அவருடைய சட்ட ஆலோசனை நிறுவனத்தைச் சேர்ந்த ஒரு வழக்கறிஞர் தன் மனைவியின் தோழியிடம் சொல்லியிருந்தார். அந்தத் தோழி ட்விட்டரில் எழுதிவிட்டார். அதன்பின் மொழிநடையை எண்ணிப் பார்க்கும் மென்பொருளால் இரண்டு பேராசிரியர்கள் ஒப்பிட்டுப் பார்த்ததும் ரௌலிங்கையே சுட்டியது. வழக்கறிஞருக்கு 1,000 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. உலகின் மிகப் பெரிய பணக்கார எழுத்தாளர்களில் ஒருவருக்கே காவல் இவ்வளவுதான் கிடைத்தது என்றால், மற்றவர்கள் எண்ணிக்கையைக் குறைப்பதில்தான் கவனம் வைக்க வேண்டும். தெரிந்தவர் ஐந்து பேர் என்றால் அவர்கள் யார் யார் என்று உங்களால் சொல்ல முடிய வேண்டும்.

முகம் காட்டாமல் எழுத்தைப் பரப்புவது எப்படி? கால்பிரெய்த் கணக்கு இங்கும் உதவும். பெயர் உடையும்வரை அந்த நாவலின் கெட்டி அட்டைப் பதிப்பு பிரிட்டனில் ஏறத்தாழ 1,500 பிரதிகள்தான் விற்றிருந்தது. விமர்சனங்கள் நன்றாகவே இருந்தன. உடைந்ததும் விற்பனைப் பட்டியலின் உச்சிக்கு ஏறியது. முகமும் பின்னணியும் இல்லாத எழுத்து மெதுவாகவே நகரும் என்பதை ஏற்றுக்கொண்டுதான் தொடங்க வேண்டும். அதற்கு ஈடு கொடுப்பது வேறெங்கும் கிடைக்காத உள்ளடக்கம். லண்டனில் 2003இல் ‘பெல் த ஷூர்’ என்ற பெயரில் பாலியல் தொழிலில் இருந்த ஒரு பெண் எழுதத் தொடங்கினார். அது 2005இல் புத்தகமானது, 2007இல் தொலைக்காட்சித் தொடரானது. அவர் யார் என்ற ஊகங்களே பல ஆண்டுகள் செய்தியாக ஓடின. 2009 நவம்பரில் அவரே முன்வந்து, தான் பிரிஸ்டலில் பணியாற்றும் ஆராய்ச்சியாளர் புரூக் மக்னான்டி என்று சொன்னார். ஆனால் ஊகத்தை மட்டும் நம்பிப் பரப்புவது ஆபத்து. யார் என்று தேடச் சொல்லி வாசகரைத் தூண்டினால் அவர்கள் தேடத்தான் செய்வார்கள்.

சொந்தக் கணக்கிலிருந்து முதல் ஆளாகப் பகிர்வது, நண்பர்கள் குழுவில் “யாரோ எழுதியது, நன்றாக இருக்கிறது” என்று போடுவது, சொந்தக் கைபேசியில் எடுத்த படத்தை இடக்குறிப்போடு அப்படியே ஏற்றுவது ஆகியவை தவிர்க்க வேண்டியவை. தன் எழுத்தையே பிறருடையதுபோல் புகழ்வதில் இன்னொரு கோளாறும் உண்டு: சொல்பவருக்கு அதில் இருக்கும் லாபம் கேட்பவருக்குத் தெரியாது. அதுதான் இந்தத் தலையங்கத்தின் மையம்.

ஜான் மக்கீ என்பவர் அமெரிக்காவின் ஹோல் ஃபுட்ஸ் என்ற உணவுக்கடைச் சங்கிலியின் தலைவராக இருந்தவர். 1999 முதல் 2006 வரை யாகூவின் பங்குச் சந்தைப் பகுதியில் ‘ராஹோடெப்’ என்ற பெயரில் எழுதிவந்தார். மனைவியின் பெயர் எழுத்துகளைக் கலைத்துப் போட்ட பெயர் அது. தன் நிறுவனத்தைப் புகழ்ந்தார். போட்டி நிறுவனமான வைல்ட் ஓட்ஸைத் தாழ்த்தினார். பின்னர் அந்தப் போட்டி நிறுவனத்தையே விலைக்கு வாங்க முயன்றபோது, 2007இல் அமெரிக்க வணிக ஆணையத்தின் ஆவணம் வழியாக விஷயம் வெளியானது. அவர் மீது பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பு நடவடிக்கை எடுக்கவில்லை. ஆனாலும் அவர் செய்தது தவறு. செவிலியர் பெயரை மறைக்கும்போது வாசகருக்கு எந்த நட்டமும் இல்லை. அவர் சொல்லும் மருத்துவமனை நடப்பை வாசகர் தானே எடைபோட்டுக்கொள்ளலாம். மக்கீ மறைத்ததோ எடைபோடுவதற்குத் தேவையான ஒரே விவரத்தை: இந்தப் பங்கு ஏறினால் சொல்பவருக்கு லாபம்.

தமிழில் இதன் மறுபதிப்புகள் ஏராளம். பெயரில்லாத டெலிகிராம் சேனலில் ஒரு பங்கை வாங்கச் சொல்பவர் அதை முன்பே வாங்கி வைத்திருக்கலாம். பங்குப் பரிந்துரை தருவதைத் தொழிலாகச் செய்பவர் இந்தியப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியிடம் பதிவு பெற வேண்டும், தன் கையிருப்பைச் சொல்ல வேண்டும் என்று 2014ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. முகமூடி அதிலிருந்து விலக்கு தராது. பெயரில்லாத சமையல் பக்கம் ஒரு மிக்ஸியைப் புகழ்ந்துவிட்டு வாங்கும் இணைப்பைக் கொடுக்கிறது. அதன் வழியே வாங்கினால் பக்கத்துக்குக் கமிஷன் வரும். அமேசான் தன் கூட்டாளிகளிடம் இதை வாசகருக்குச் சொல்ல வேண்டும் என்று நிபந்தனையே போடுகிறது. இந்தியாவில் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை, மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் விதிக்கலாம். பணமோ பரிசோ இலவசப் பொருளோ வாங்கியிருந்தால் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று 2023 ஜனவரியில் ஒன்றிய நுகர்வோர் துறை வழிகாட்டுதல் வெளியிட்டது.

இதைச் செய்ய உங்கள் பெயர் தேவையில்லை என்பதைக் கவனியுங்கள். “இந்தக் குக்கரை நிறுவனம் இலவசமாகக் கொடுத்தது.” “இந்த மருத்துவமனை எங்களுக்கு விளம்பரம் தருகிறது.” இப்படி ஒரு வரி போதும், கட்டுரையின் தொடக்கத்திலேயே. பெயரில்லாமல் எழுதுபவர் இதில் மற்றவர்களைவிடக் கூடுதல் கண்டிப்போடு இருக்க வேண்டும் என்று நாங்கள் கருதுகிறோம். பெயருள்ளவர் பொய் சொன்னால் அவர் பெயர் கெடும். பெயரில்லாதவரிடம் வாசகர் பிணையாக வைத்திருப்பது அவர் சொல்லை மட்டுமே.

அதே காரணத்தால்தான் யார் என்று சொல்லாமல் இருப்பதற்கும் வேறு யாராகவோ நடிப்பதற்கும் உள்ள தூரம் பெரியது. 2011இல் டமாஸ்கஸில் வாழும் ஓரினச்சேர்க்கைப் பெண் என்று உலகம் நம்பிய வலைப்பதிவர் ஒருவர், எடின்பரோவில் இருந்த அமெரிக்க ஆண் என்று தெரியவந்தது. அந்தக் கற்பனைப் பெண் கடத்தப்பட்டதாக அவர் செய்தி போட்டபோது, சிரியாவில் உண்மையிலேயே ஆபத்தில் இருந்தவர்கள்கூட அந்தப் பெண்ணுக்காக விசாரிக்கப் போய்த் தங்களை ஆபத்துக்கு உள்ளாக்கிக்கொண்டார்கள். செவிலியர் என்று சொல்லிக்கொண்டு எழுதினால் செவிலியராக இருக்க வேண்டும்.

வேலையில் இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஒன்றிய அரசு ஊழியர் நடத்தை விதிகள் அரசைப் பாதகமாக விமர்சித்து எழுதக் கூடாது என்று சொல்லும்போது, சொந்தப் பெயரில் எழுதுவதோடு பெயரில்லாமலும் புனைபெயரிலும் எழுதுவதையும் சேர்த்தே சொல்கின்றன. தனியார் நிறுவனப் பணி ஒப்பந்தங்களிலும் வெளி வருமானம் பற்றிய பிரிவு பெரும்பாலும் இருக்கும். எழுதத் தொடங்குமுன் அதைப் படித்துவிட வேண்டும்.

வழக்கு வந்தால் முகமூடி எவ்வளவு தாங்கும்? பெயர் தெரியாத எதிராளி மீதும் வழக்குப் போடலாம். இந்திய நீதிமன்றங்கள் அவரை ‘அசோக் குமார்’ என்று அழைக்கின்றன. ‘3’ திரைப்படத்தின் திருட்டுப் பிரதிகளைத் தடுக்க 2012இல் சென்னை உயர் நீதிமன்றம் இத்தகைய ஆணை தந்தது. கணக்கு வைத்திருப்பவரின் விவரத்தைத் தளங்களிடமிருந்து நீதிமன்றம் கேட்டு வாங்கலாம். தில்லி உயர் நீதிமன்றம் 2019இல், கலை உலகப் பாலியல் புகார்களை வெளியிட்ட ஒரு பெயரற்ற கணக்கு தொடர்பான அவதூறு வழக்கில், விவரத்தை மூடிய உறையில் தரச் சொன்னது. மூடிய உறை என்பதைக் கவனிக்க வேண்டும்: நீதிமன்றத்துக்குத் தெரிவதும் ஊருக்குத் தெரிவதும் வேறு, உங்கள் வழக்கறிஞர் அதற்காக வாதாடலாம். பெயரை மறைத்து மிரட்டுபவருக்கு மட்டும் இரக்கம் கிடையாது. வெளியிடாமல் இருக்கப் பணம் கேட்பது பணப்பறிப்பு. பெயர் மறைத்து மிரட்டினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 351ஆம் பிரிவு வழக்கமான தண்டனையோடு 2 ஆண்டு வரை கூடுதல் சிறை என்கிறது.

கடைசியாக, பலர் யோசிக்காத ஒரு பண விஷயம். பெயரில்லாத இலக்கியப் படைப்புக்குப் பதிப்புரிமை, வெளியானதிலிருந்து 60 ஆண்டு. பெயர் வெளியிடப்பட்டால் எழுதியவர் இறந்ததிலிருந்து 60 ஆண்டு. முப்பது வயதில் ஒருவர் புத்தகம் வெளியிட்டு எண்பது வயதில் இறக்கிறார் என்று வையுங்கள். பெயர் தெரியாமலே இருந்தால் அவர் பிள்ளைகளுக்கு 10 ஆண்டுதான் உரிமைத்தொகை வரும். தெரிந்திருந்தால் 60 ஆண்டு வரும். அதற்கு எழுதியவரும் வெளியீட்டாளரும் பொதுவில் அறிவித்திருக்க வேண்டும், அல்லது எழுதியவரே உரிய மன்றத்தின் முன் நிறுவியிருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வாரிசுகள் பிறகு பார்த்துக்கொள்வார்கள் என்று விட முடியாத காரியம் இது. எந்த வயதில், எந்தச் சூழ்நிலையில் பெயரை வெளியிடுவது என்பதை வெளியீட்டாளரோடு இப்போதே பேசி, ஒப்பந்தத்தில் எழுதி, ஒரு பிரதியை வீட்டில் நம்பிக்கையானவரிடம் கொடுத்து வைக்க வேண்டும்.